மொரீஷியஸிலிருந்து ரியூனியனுக்குச் சின்னப் பாய்மரப் படகில்: திரும்பி வரும் வழிக்கு என்ன தயாரிப்பு?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மொரீஷியஸின் எபேனில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் மூன்று நண்பர்கள் சேர்ந்து 9 மீட்டர் நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். ஒரு வருடமாகச் சனி ஞாயிறுகளில் கிராண்ட் பே பக்கம் ஓட்டிப் பழகிவிட்டார்கள். வரும் தைப்பூசக் காவடி விடுமுறையோடு வாரக் கடைசியைச் சேர்த்து, நாலு நாளில் பக்கத்துத் தீவான ரியூனியன் போய்த் திரும்ப வேண்டும். “என்னென்ன சாமான் வாங்க வேண்டும், ஒரு லிஸ்ட் கொடுங்கள்” என்பது கேள்வி. லிஸ்ட் என்று கேட்டாலும், அவருக்குத் தெரிய வேண்டியது “நாங்களும் படகும் தயாரா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?” என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் கடைசி வரியில் “வீட்டில் பயப்படுகிறார்கள்” என்று எழுதியிருக்கிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். தாத்தா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணியில் தண்டலாக, அதாவது தோணியின் தலைவராக, இருந்தவர். நான் படித்தது டீசல் மெக்கானிக். 2003இல் மொரீஷியஸ் வந்தேன். அன்றிலிருந்து தீவின் வடக்கே படகு எஞ்சின், அடிப்பாகம் எல்லாம் பழுதுபார்க்கிறேன். அடுத்தவர் படகைக் கொண்டுபோய் விடும் வேலையாகவும் சொந்த ஆசைக்காகவும் ரியூனியனுக்கு 16 தடவை போய் வந்திருக்கிறேன், ரோட்ரிக்ஸ் தீவுக்கு இரண்டு தடவை. எனவே எஞ்சின், படகுக்குள் தண்ணீர் புகுவது, ஆட்கள் களைத்துப் போவது, இந்த மூன்றைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். மருந்து பற்றிச் சொல்வது அனுபவம் மட்டும்தான், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் படகை நான் பார்க்கவில்லை. அது கடலுக்குத் தாங்குமா என்பதைக் கரையில் தூக்கி வைத்து, தட்டிப் பார்த்து, ஒருவர் நேரில்தான் சொல்ல முடியும்.

முதலில் தேதி. தைப்பூசம் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ வரும். இந்தக் கடலில் புயல் பருவம் நவம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் முடியும்வரை போகும், அதில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் உச்சம். 2024இல் தைப்பூசம் ஜனவரி 25. அதற்குப் பத்து நாள் முன்பு, 15ஆம் தேதி, பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. அன்றைக்கே அதே பெலால் ரியூனியனையும் அடித்தது. 2025இல் பிப்ரவரி 28 அன்று காராங்ஸ் புயல் ரியூனியனைத் தாக்கியது. இங்கே சரியில்லையென்றால் அங்கே ஓடிவிடலாம் என்ற கணக்கு இந்த இரண்டு தீவுகளுக்கிடையே செல்லாது. புயல் ஒரு நாளில் சர்வசாதாரணமாக 200, 250 கடல் மைல் நகரும், உங்கள் படகு நல்ல நாளில் 120 போகும். காவடியன்று கோவிலில் இருங்கள், தம்பி. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அப்படியானால் எப்போது? செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் புயல் இருக்காது, ஆனால் தென்கிழக்குக் காற்று, இங்கே எல்லாரும் அலிஸே என்று சொல்வது, முழு பலத்தோடு வீசும். தெற்கே எங்கேயோ அடிக்கும் குளிர்காலப் புயல்களின் பேரலையும் வந்து சேரும். அக்டோபரில் அந்த வேகம் தணிந்திருக்கும், புயல் பருவமும் தொடங்கியிருக்காது. பெருங்கடலைக் குறுக்கே கடந்து தென்னாப்பிரிக்கா போகும் பாய்மரப் படகுகள் நம் துறைமுகத்தில் கூட்டமாக வந்து நிற்பதும் அந்த மாதங்களில்தான்.

இப்போது வழி. போர்ட் லூயிஸிலிருந்து ரியூனியனின் லெ போர் துறைமுகம் ஏறத்தாழ 130 கடல் மைல், மேற்கும் கொஞ்சம் தெற்கும். மணிக்கு 5 கடல் மைல் சராசரி என்றால் 26 மணி நேரம். காற்று இடது பக்கத்திலிருந்து, சற்றுப் பின்னால் சாய்ந்து வரும். பாய்மரப் படகுக்கு அதைவிடச் சுகமான காற்று கிடையாது. காலை 8 மணிக்குக் கிளம்பினால் மறுநாள் 10 மணிக்குத் துறைமுக வாசலில் நிற்பீர்கள். விடியற்காலையில் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பித்தோன் தெ நேஜ் மலை மேகமில்லாமல் கருநீலமாக எழுந்து நிற்கும். பத்து மணி ஆனால் மேகம் மூடிவிடும், முன்னால் மலை இருப்பதே தெரியாது. அந்தக் காட்சிக்காகவே போகலாம். எல்லாரும் இதைத்தான் படம் பிடித்துப் போடுகிறார்கள், நீங்களும் இதைத்தான் பார்த்திருப்பீர்கள்.

திரும்பி வருவதை யாரும் படம் பிடிப்பதில்லை. போகும்போது பின்னாலிருந்து தள்ளிய அதே காற்று இப்போது முகத்தில் அடிக்கும். காற்று தெற்குப் பக்கத்திலிருந்து சாய்ந்து வந்தால் ஒரே ஓட்டமாக வந்துவிடலாம், கொஞ்சம் நனைவோம், அவ்வளவுதான். கிழக்குப் பக்கத்திலிருந்து வந்தால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். 130 மைல் 190 மைலாகும், வேகம் நாலாகக் குறையும், அலை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், மோதி ஒவ்வொரு தடவையும் படகை நிறுத்தும். 2011இல் நானும் ரோஸ் ஹில்லைச் சேர்ந்த ஒரு நண்பரும் அப்படித் திரும்பினோம். போக 25 மணி நேரம், வர 51 மணி நேரம். அவர் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், கடலை நன்றாக அறிந்தவர், என்னைவிட உறுதியான ஆள். இரண்டாவது இரவில் அவர் சுக்கான் பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்து தூங்கிவிட்டார். கண் திறந்திருந்தது. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது “பஸ் வந்துவிட்டதா?” என்று கேட்டார். தூக்கமில்லாத மனிதனின் மூளை அந்த நிலைக்கு வந்துவிடும்.

ஆகவே நான் சொல்லப் போகும் தயாரிப்பு எல்லாம் அந்த 51 மணி நேரத்துக்காக. தண்ணீர், டீசல், பேட்டரி, சாப்பாடு, தூக்கம் எதைக் கணக்குப் போட்டாலும் திரும்பும் வழியை வைத்துப் போடுங்கள். போகிற வழி தானாகவே அதற்குள் அடங்கிவிடும்.

இதில் முதல் தயாரிப்பு கடையில் கிடைக்காது. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் படகில் ஏற்றாதீர்கள். ரியூனியனிலிருந்து நம் பிளைசான்ஸ் விமான நிலையத்துக்கு முக்கால் மணி நேரப் பறப்பு. மூன்று பேருக்கும் ஒருவழி டிக்கெட் பணத்தைப் பயணச் செலவில் இப்போதே எடுத்து வையுங்கள். காற்று கிழக்கிலிருந்தே வீசிக்கொண்டிருந்தால் படகைத் துறைமுகத்தில் கட்டிவிட்டு விமானத்தில் வாருங்கள், இரண்டு வாரம் கழித்துப் போய்க் கொண்டுவரலாம். படகு நிறுத்தக் கட்டணம் ஆகும், ஆகட்டும். நான் பார்த்த ஆபத்தான பயணங்களில் பாதிக்கு மேல், யாரோ ஒருவர் லீவு முடிகிறது என்று கிளம்பியவை.

இரண்டாவது, யார் சொல்வது நடக்கும்? மூவரும் சமபங்கு போட்டு வாங்கியிருக்கிறீர்கள். கரையில் அது நல்லது. எங்கள் ஊர்த் தோணிகளில் பணம் போட்ட முதலாளி ஒருவர், தண்டல் இன்னொருவர். முதலாளியே கூட ஏறினாலும் துறைமுகம் தாண்டிவிட்டால் தண்டல் சொல்தான். தாத்தாவிடம் ஒருதடவை முதலாளி மகன் “பாயை ஏன் இறக்குகிறீர்கள், நல்லாத்தானே போகுது?” என்று கேட்டாராம். தாத்தா பதில் சொல்லாமல் பாயை இறக்கி முடித்தார், அப்புறம்தான் காரணம் சொன்னார். உங்களில் ஒருவர் தண்டலாக இருக்க வேண்டும், அது மற்ற இருவர் வாயாலும் கிளம்பும் முன்பே சொல்லப்பட வேண்டும். அதோடு, திரும்பிவிடலாம் என்று யார் ஒருவர் சொன்னாலும் திரும்புவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். முன்னே போவதற்குத் தண்டலின் முடிவு வேண்டும், திரும்புவதற்கு மூவரில் ஒருவரின் பயம் போதும்.

இனி படகு. பழைய படகில் என்னை முதலில் கவலைப்பட வைப்பது பாயோ மரமோ இல்லை, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் துளைகள். எஞ்சின் குளிர் தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு இரண்டு, கழுவுதொட்டிக்கு ஒன்று, ஆழம் பார்க்கும் கருவிக்கு ஒன்று என்று 9 மீட்டர் படகிலேயே ஐந்து ஆறு இருக்கும். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் 5 சென்டிமீட்டர் அகலத் துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 240 லிட்டர் போல உள்ளே வரும். கைப்பம்பு அடித்து அதை வெல்ல முடியாது. குனிந்து ஒவ்வொரு வால்வாகப் போங்கள். கைப்பிடியைத் திருப்பி மூடித் திறங்கள். இறுகிப்போய்த் திரும்பாத வால்வு, இருந்தும் இல்லாததற்குச் சமம். ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பை மேலே மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பட்டை பளபளவென்றிருக்கும், திருகு இருக்கும் இடத்தில், அதன் அடியில், விரல் நுழையாத பக்கத்தில், செந்துரு பொரிந்திருக்கும். ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். ஒருதடவை, ஒரு பட்டறையில் புது ஹோஸ் போட்டு வாங்கிய படகில், ரோட்ரிக்ஸ் வழியில் நடு இரவில் தரைப்பலகை மிதந்தது. கிளிப்பைப் போட்டவர் இறுக்க மறந்திருந்தார். அன்றிலிருந்து யார் வேலை செய்தாலும் நானே ஒரு முறை ஸ்க்ரூ டிரைவரோடு படுத்துப் பார்த்துவிடுவேன். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்தத் துளை அளவுக்குச் சீவிய மென்மரக் கட்டை ஒன்று கயிற்றில் தொங்க வேண்டும். ஒரு பெட்டியில் மொத்தமாக வைக்கக் கூடாது, இருட்டில் அந்தப் பெட்டி தண்ணீருக்கு அடியில் இருக்கும்.

பாய்மரத்தைத் தாங்கும் இரும்புக் கம்பிகளைச் சோதிக்க ஒரு எளிய வழி. பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றை எடுத்துக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் நூல் மாட்டிக்கொள்ளும். கம்பி, முனைக் குழாய்க்குள் நுழையும் இடத்தில் மெதுவாகப் பாருங்கள், அங்கேதான் முதலில் அறும். ஒரு இழை போயிருந்தாலும் அந்தக் கம்பியை மாற்றுங்கள், இதில் பேரம் இல்லை. பத்து வருடம் ஆனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்வார்கள். அது பொதுக்கணக்கு, சட்டமில்லை. பதினைந்து வருடம் நன்றாக இருந்த கம்பியும் பார்த்திருக்கிறேன், ஆறு வருடத்தில் வெடித்ததும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் கம்பியின் வயதே தெரியவில்லை என்றால் மாற்றிவிடுவதுதான் என் ஆலோசனை. அடுத்து, பெரிய பாயைச் சுருக்கிக் கட்டுவதை லகூனுக்குள், அதாவது பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் அமைதியான கடலில், கண்ணைக் கட்டிக்கொண்டு பழகுங்கள். உண்மையாகவே துணியால் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு எது, பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு எது என்று கைக்குத் தெரிய வேண்டும். காற்று கூடிவிட்டதோ என்ற சந்தேகம் வந்த நிமிடமே சுருக்குங்கள், பிறகு என்றால் அதே வேலைக்கு மூன்று மடங்கு தெம்பு வேண்டும். முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானைத் திருப்பிக் கட்டி, படகைக் கடலில் சாய்வாகக் கிடக்கவிடும் முறையையும் பழகுங்கள். ஒரு வேளை சாப்பிட, ஒருவருக்குக் கட்டுப்போட, விடியும்வரை காத்திருக்க, அதைப்போல உதவுவது வேறில்லை. பெருங்காற்றில் இலகுவான படகை இப்படிக் கிடக்கவிடுவதா, வேகத்தைக் குறைக்கும் இழுவை ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு காற்றோடு ஓடுவதா என்பதில் தேர்ந்தவர்களே ஒத்துப்போவதில்லை. நான் அந்த அளவு காற்றில் ஒரே ஒரு தடவைதான் சிக்கியிருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எஞ்சின் என் சொந்தத் துறை, இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். “லகூனுக்குள் ஒரு வருடமாக ஒரு தடவைகூட நின்றதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அதில்தான் சிக்கல். பழைய டீசல் டேங்கின் அடியில் தண்ணீரும் அதில் வளரும் கருப்புச் சளியும் படிந்திருக்கும். அமைதியான லகூனில் அது கீழேயே கிடக்கும். வெளியே மூன்று மணி நேரம் படகு அலையில் ஆடினால் கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைக்கும். எனக்கு நடந்தது ரியூனியனின் மேற்குக் கரையில், இரவு இரண்டு மணிக்கு. அங்கே மலை மறைவில் காற்று செத்துவிடும், பாய் தொங்கும், எஞ்சினை நம்பித்தான் துறைமுகம் நுழைய வேண்டும். சரியாக அந்த நேரத்தில் நின்றது. ஒரு கையால் ஃபில்டரைக் கழற்றிக்கொண்டு, இன்னொரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, டீசல் நாற்றத்தில் வாந்தியோடு நாற்பது நிமிடம். கிளம்பும் முன் டேங்கைத் திறந்து, அடிவரை உறிஞ்சி, துடையுங்கள். அழுக்காக இருந்தால் கழற்றி வெளியே எடுத்துக் கழுவுங்கள். ஃபில்டர் நாலு, குளிர்நீர்ப் பம்பின் ரப்பர் சக்கரம் இரண்டு, பெல்ட் ஒன்று உதிரியாக இருக்கட்டும். மூவருமே ஃபில்டரை மாற்றி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, திரும்ப ஸ்டார்ட் செய்யப் பழகுங்கள். அந்தப் பழக்கத்தைக் கட்டிவைத்த படகில் பழகிப் பயனில்லை, லகூனுக்கு வெளியே, ஆட்டத்தில் பழகுங்கள்.

பாதுகாப்புச் சாமான்கள் உங்களுக்குத் தெரிந்தவையாகவே இருக்கும்: உயிர்காப்பு மிதவைப்படகு, விளக்கும் தொடைப்பட்டையும் உள்ள லைஃப் ஜாக்கெட், ஒளிக்குண்டுகள், வி.எச்.எஃப் ரேடியோ, பக்கத்துக் கப்பல்களைத் திரையில் காட்டும் ஏ.ஐ.எஸ், ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் ஈபெர்ப். ஈபெர்ப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு உங்கள் பெயரை அல்ல, கருவியின் அடையாள எண்ணைத்தான் அனுப்பும். பழைய படகோடு வந்த கருவி பழைய உரிமையாளர் பெயரில் பதிவாகியிருந்தால், தேடுகிறவர்கள் முதலில் அவருக்குப் போன் செய்வார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு “நான் நன்றாகத்தானே இருக்கிறேன்” என்பார். உங்கள் பெயரில் மாற்றுங்கள், பேட்டரியின் காலாவதித் தேதியைப் பாருங்கள். வி.எச்.எஃப்பை நடுக்கடலில் நம்ப முடியாது, கண்ணுக்கெட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் அது கேட்கும். கரையில் ஒருவரிடம் வழி, நேரம், படகின் நிறம் எல்லாம் எழுதிக் கொடுத்து, எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் கடலோரக் காவல் படைக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். பயப்படுகிற வீட்டுக்கு அந்தத் தாள் பெரிய ஆறுதல், எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டி வைத்திருப்பார்கள்.

ஆனால் தண்ணீரில் விழாமல் இருப்பதற்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை. மணிக்கு 5 கடல் மைல் என்றால் நிமிடத்துக்கு 150 மீட்டர். இரண்டு மீட்டர் அலையில் 150 மீட்டருக்கு அப்பால் ஒரு தலையைப் பகலிலேயே கண்டுபிடிக்க முடியாது. கிராண்ட் பேயில் ஒரு ஞாயிறு நாங்கள் இதைச் சோதித்தோம். 80 கிலோ எடையுள்ள நண்பர் ஒருவர் மயங்கியவர் போலக் கைகால் அசைக்காமல் தண்ணீரில் கிடந்தார். நாங்கள் இரண்டு பேர் படகிலிருந்து இழுத்தோம். நனைந்த சட்டை கையிலிருந்து வழுக்கியது, அவர் முழங்கைவரைகூட மேலே வரவில்லை. கடைசியில் பாய் ஏற்றும் கயிற்றை அவருடைய பட்டையில் மாட்டி, கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சில் சுற்றித்தான் தூக்கினோம். அதுவும் அசையாத தண்ணீரில், பட்டப்பகலில். நீங்களும் இதை ஒருதடவை செய்து பாருங்கள், அப்புறம் இரவில் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொள்ளச் சொல்லி யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்காது. இருட்டிவிட்டால் அறையிலிருந்து வெளியே கால் வைக்கும் முன்பே கொக்கி மாட்டியிருக்க வேண்டும். முன்தளத்துக்குப் போக வேண்டுமென்றால் இன்னொருவரை எழுப்பிவிட்டுத்தான் போக வேண்டும். ஆண்கள் மூவரும் சிறுநீர் கழிக்க ஓரத்தில் நிற்கக் கூடாது, வாளி இருக்கிறது. வெட்கப்படாமல் சொல்கிறேன், ஆட்கள் விழுவது அங்கேதான்.

கடல் மயக்கம் பற்றி உங்கள் கேள்வியில் ஒன்றுமே இல்லை. உடம்பு அலைக்குப் பழக இரண்டு மூன்று நாள் ஆகும். உங்கள் பயணம் 26 மணி நேரம். அதாவது உடம்பு பழகுவதற்குள் பயணம் முடிந்துவிடும், கரையில் இரண்டு நாள் இருந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள். ஒரு வாரப் பயணத்தைவிட இந்த ஒரு நாள் பயணம் ஆட்களை அதிகம் வாட்டுவது இதனால்தான். மாத்திரையைக் கிளம்புவதற்கு முந்தைய இரவே தொடங்க வேண்டும், வாந்தி வந்தபின் போட்டால் அது வயிற்றில் நிற்காது. சில மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைத் தரும், அதனால் ஒரு வார நாளில் கரையிலேயே போட்டுப் பாருங்கள். இஞ்சி எனக்கு உதவுகிறது, எல்லாருக்கும் உதவுமா என்றால் உறுதி சொல்ல மாட்டேன். முதல் நாளுக்குச் சமையலே வேண்டாம். புளியோதரை, வாழைப்பழம், மாஹேபூர்க் மரவள்ளி பிஸ்கட், ஃபிளாஸ்க்கில் கஞ்சி. குடிதண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், ஐந்து நாளுக்கு, அதில் பாதி தனித்தனிக் கேன்களில். டேங்கில் உப்புத் தண்ணீர் புகுந்தால் கேன்தான் காப்பாற்றும்.

இரவுக் காவல் மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் என்று வைத்தால் ஒவ்வொருவருக்கும் ஆறு மணி நேரம் ஓய்வு கிடைக்கும். மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஒருவரைக் கட்டாயமாகப் படுக்க அனுப்புங்கள். தூக்கம் வராது என்பார், கண்ணை மூடிக் கிடந்தாலே போதும். காவலில் இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும். பெரிய கப்பலின் விளக்கை 6 கடல் மைலில் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். அது மணிக்கு 15 கடல் மைல், நீங்கள் 5, எதிரெதிரே வந்தால் 18 நிமிடத்தில் உங்கள் மேல் இருக்கும். மலாக்காவிலிருந்து தென்னாப்பிரிக்கா போகும் கப்பல்கள் நம் தீவை ஒட்டித்தான் போகின்றன. 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற கிட்டத்தட்ட 300 மீட்டர் கப்பல் புவான்த் தெஸ்னிக்கு எதிரே பவளப்பாறையில் ஏறியது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். கைப்பேசி சிக்னலுக்காகக் கரையை நெருங்கி வந்ததாக விசாரணையில் சொன்னார்கள். நீங்களும் ஊர் விளக்கு தெரிந்ததும் வீட்டுக்குப் போன் செய்யக் கரையை நோக்கிச் சாய்வீர்கள். சாயாதீர்கள். இரவில் எந்தப் பாஸிலும், அதாவது பவளப்பாறையின் இடைவெளி வழியிலும், நுழையாதீர்கள், விடியும்வரை வெளியே கிடங்கள். கரையிலிருந்து சில மைல்வரை மீனவர்களுக்காக நங்கூரமிட்ட மிதவைகளும் இருக்கும், அவற்றைப் பகலில்தான் கடக்க வேண்டும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் படகு உரிமம் எவ்வளவு தூரம்வரை செல்லும் என்று படித்துப் பாருங்கள். லகூனுக்கு மட்டுமான உரிமத்தோடு காப்பீடும் செல்லாது. சுங்கம், குடிவரவு, கடலோரக் காவல் மூன்றிலும் போர்ட் லூயிஸில் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். ரியூனியன் பிரான்சின் பகுதிதான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. ஷெங்கன் விசா இருக்கிறதே என்று நம்பி இந்தியப் பாஸ்போர்ட்டோடு கிளம்பிவிடாதீர்கள். தூதரகத்தில், படகில் வருகிறோம் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ரியூனியனுக்குக் கிளம்ப வேண்டாம், முதலில் ஒரு ஒத்திகை. ஒரு சனிக்கிழமை மதியம் போர்ட் லூயிஸிலிருந்து நேர் மேற்கே 30 கடல் மைல் போங்கள். முதல் சில மைல் தீவின் மறைவில் காற்றும் அலையும் குறைவாகத்தான் இருக்கும், அதைத் தாண்டினால்தான் கடல் தன் முகத்தைக் காட்டும். ஏழு மணி நேரத்தில் இருட்டிவிடும். அங்கே திரும்பி, இரவு முழுக்கக் காற்றுக்கு எதிரே பாயில் மட்டும் ஏறி வாருங்கள். பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். எஞ்சினைப் போடக் கூடாது, ஒரு தடவை ஃபில்டர் மாற்றிப் பார்ப்பதைத் தவிர. யார் வாந்தி எடுத்தார், யார் பொறுமை இழந்தார், எது கழன்றது, எங்கே தண்ணீர் கசிந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுதான் நீங்கள் கேட்ட லிஸ்ட். ஞாயிறு காலை கரை சேர்ந்ததும் மூவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்: இதேபோல இன்னும் ஒரு பகல், ஒரு இரவு உன்னால் முடியுமா? மூவரும் முடியும் என்றால் அக்டோபரில் போகலாம். ஒருவர் தயங்கினால் இன்னொரு ஒத்திகை, அல்லது அனுபவமுள்ள நாலாவது ஆள் ஒருவர்.

படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைக்கும் அன்று வால்வுகள், கிளிப்கள், சுக்கான் தண்டின் மேலும் கீழும், அடிக்கட்டை படகோடு சேரும் கோடு, இவற்றைக் கிட்டத்திலிருந்து படம் எடுத்து இதே இடத்தில் போடுங்கள். படத்தை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாது, ஆனால் எதைச் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்றாவது சொல்கிறேன்.